ஒரு மணி நேரமும் ஒரு விண்மீன் கொத்தும்: வானியல் தரவை வகுப்பறைக்குக் கொண்டுபோவது

கேயா விண்கலம் அளந்த ஏறத்தாழ 180 கோடி வான்பொருள்களின் பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஸ்லோன் வான் அளக்கையின் லட்சக்கணக்கான நிறமாலைகளும், கோள் தேடும் விண்கலங்களான கெப்ளரும் டெஸ்ஸும் பதிவுசெய்த ஒளிவளைவுகளும் (விண்மீனின் ஒளி நேரத்தோடு மாறுவதைக் காட்டும் பதிவுகள்), காப்புக்காலம் முடிந்த ஹப்பிள் படங்களும் அப்படித்தான். ஆராய்ச்சியாளர் திறக்கிற அதே கோப்பை ஒன்பதாம் வகுப்பு மாணவியும் திறக்கலாம். இருந்தும் ஆசிரியர் பயிற்சிகள் பெரும்பாலும் ஒரு இணைப்புப் பட்டியலோடு முடிந்துவிடுகின்றன. இருபது தளங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம். அதை வாங்கிப்போகிற ஆசிரியர் முதல் தளத்தைத் திறக்கிறார், தேடுபெட்டி என்ன கேட்கிறது என்று புரியாமல் மூடிவிடுகிறார். அவர்மேல் தப்பில்லை. அந்தப் பெட்டியை வைத்தவர்கள் அவரை மனதில் வைத்து வைக்கவில்லை.

ஒரு மணி நேர வகுப்புக்கு ஒரு கேள்வி, அதற்கு ஒரு கோப்பு, அதைத் திறக்க ஒரு கருவி போதும். கேள்வியை முதலில் முடிவுசெய்துகொண்டால் கருவி தானாக அமையும். இன்றிரவு எது எங்கே தெரியும் என்றால் ஸ்டெல்லேரியம். வானத்தின் ஒரே பகுதியைப் பல அலைநீளங்களில் பார்க்க வேண்டுமென்றால் அலாடின் லைட். ஒரு பொருளின் பெயர், வகை, ஆயத்தொலை வேண்டுமென்றால் சிம்பாட். பட்டியல் வேண்டுமென்றால் விசியர். கடைசி மூன்றும் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் 1972-ல் தொடங்கிய வானியல் தரவு மையத்தின் சேவைகள். பெரிய அட்டவணைகளை வரைபடமாக்க டோப்கேட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஆனால் முதல் வகுப்புக்குச் சாதாரண விரிதாளே போதும்.

நான் எப்போதும் முதலில் பரிந்துரைப்பது கார்த்திகைக் கொத்தைத்தான். வெறுங்கண்ணால் எல்லோரும் பார்த்திருக்கிற ஒன்று அது. கேள்வியும் எளிது: வானத்தில் ஒன்றாகத் தெரியும் இந்த விண்மீன்கள் உண்மையிலேயே ஒரே குடும்பமா, இல்லை பார்வைக் கோட்டில் தற்செயலாக அமைந்தவையா?

கோப்பைத் தயாரிப்பது இப்படி. விசியரில் கேயாவின் மூன்றாம் வெளியீட்டைத் திறங்கள். அதன் பட்டியல் எண் 355, முதல் தொகுதி. தேடும் இடத்தில் வல ஏற்றம் 56.75 டிகிரி, நடுவரை விலக்கம் கூட்டல் 24.12 டிகிரி என்று கொடுங்கள் (இவை வானத்தின் தீர்க்கரேகை, அட்சரேகை போன்றவை), அல்லது மெசியே 45 என்ற பெயரைக் கொடுங்கள். ஆரம் 2 டிகிரி. கேயாவின் பிரகாச எண் ஜி (குறைந்தால் ஒளி அதிகம்) 15-க்குக் குறைவு என்று ஒரே ஒரு நிபந்தனை வையுங்கள். இது இல்லாவிட்டால் பல பத்தாயிரம் வரிகள் வந்து விரிதாள் திணறும். இருந்தால் சில ஆயிரத்தில் நிற்கும். நிரல்களில் ஏழு போதும்: அடையாள எண், இடமாறு தோற்றம் (பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறித் தெரியும் கோணம், தொலைவு கூடினால் இது குறையும்), அதன் பிழை, இரண்டு திசைகளில் தனி இயக்கம் (விண்மீன் வானத்தில் ஆண்டுதோறும் நகரும் கோணம்), ஜி பிரகாச எண், நீலம் கழித்தல் சிவப்பு என்கிற நிற எண்.

இந்த இடத்தில் இரண்டு அமைப்புகள் சத்தமில்லாமல் ஆளைக் கவிழ்க்கும். விசியர் இயல்பாக 50 வரிகளை மட்டுமே தரும். அதை வரம்பில்லை என்று மாற்ற வேண்டும். தேடும் ஆரமும் ஏற்கெனவே 2 என்று எழுதப்பட்டே இருக்கும், ஆனால் அது 2 ஆர்க்நிமிடம், அதாவது டிகிரியில் முப்பதில் ஒரு பங்கு. எண் சரியாக இருக்கிறதே என்று விட்டால் முழுநிலவின் விட்டத்தில் எட்டில் ஒரு பங்கு அளவிலான ஒரு பொட்டுதான் கிடைக்கும். எந்தப் பிழைச்செய்தியும் வராது. அழகான, முழுமையான, பயனற்ற அட்டவணை ஒன்று வரும்.

ஆயத்தொலையிலும் ஒரு குழி உண்டு. வல ஏற்றம் சில இடங்களில் மணியிலும் சில இடங்களில் டிகிரியிலும் எழுதப்படுகிறது. கார்த்திகைக்கு 3 மணி 47 நிமிடம் என்பதும் 56.75 டிகிரி என்பதும் ஒன்றே. மணியை 15-ஆல் பெருக்கினால் டிகிரி. 3.78 என்ற எண்ணை டிகிரிப் பெட்டியில் போட்டால் வானத்தில் ஏறத்தாழ 48 டிகிரி தள்ளிப் போய்விழுவோம். அங்கேயும் விண்மீன்கள் இருக்கும், வரைபடமும் வரும், கொத்து மட்டும் இருக்காது.

தாவல் பிரித்த கோப்பாக இறக்கினால் மேலே குறியிட்ட விளக்க வரிகள் இருக்கும். நிரல் தலைப்புக்குக் கீழே அலகுகளுக்கு ஒரு வரியும் கோடுகளுக்கு ஒரு வரியும் இருக்கும். இவற்றை நீக்காவிட்டால் விரிதாள் அந்த நிரல்களைச் சொற்களாக எடுத்துக்கொண்டு வரைபடம் போட மறுக்கும். இன்னொன்று, கேயாவின் அடையாள எண் பெரும்பாலும் 18, 19 இலக்கம் நீளம். விரிதாள்கள் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும், மீதியைப் பூஜ்யமாக்கிவிடும். பிறகு அந்த எண்ணை வைத்துத் தேடினால் அப்படி ஒரு விண்மீனே இருக்காது. இறக்குமதி செய்யும்போதே அந்த நிரலைச் சொல் வகை என்று குறித்துவிட வேண்டும். கோப்பைச் சேமித்து மூடிய பிறகு தொலைந்த இலக்கங்களை மீட்க வழியில்லை.

வகுப்பில் முதல் வரைபடம் தனி இயக்கத்துக்கு. கிடைமட்டத்தில் வல ஏற்றத் திசை இயக்கம், செங்குத்தில் நடுவரை விலக்கத் திசை இயக்கம், இரண்டும் ஆண்டுக்கு மில்லி ஆர்க்செகண்டில் (ஆர்க்செகண்ட் என்பது டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு, மில்லி என்பது அதில் ஆயிரத்தில் ஒன்று). அச்சுகளை கழித்தல் 100 முதல் கூட்டல் 100 வரை நிறுத்துங்கள். தானியங்கி அளவுக்கு விட்டால் வேகமாக ஓடும் ஓரிரண்டு விண்மீன்கள் அச்சை இழுத்து நீட்டிவிடும், மீதி எல்லாம் நடுவில் ஒரு கறையாகிவிடும். சரியாக வரைந்தால் பூஜ்யத்தைச் சுற்றி ஒரு பெரிய கும்பல் தெரியும். அவை பின்னணியில் வெகுதொலைவில் இருப்பவை. அதிலிருந்து விலகி, 20-க்கும் கழித்தல் 45-க்கும் அருகில், சின்னதாக ஒரு அடர்ந்த முடிச்சு. யாரும் சொல்லாமலேயே மாணவர்கள் விரல் நீட்டும் இடம் அது.

அந்த முடிச்சுதான் பாடம். ஆகவே முன்கூட்டியே வடிகட்டிச் சுத்தம் செய்த கோப்பைக் கொடுக்காதீர்கள். பல பாடத்திட்டங்கள் கொத்தின் உறுப்பினர்களை மட்டும் பொறுக்கித் தருகின்றன. வேலை மிச்சம் என்ற நல்லெண்ணம்தான், ஆனால் மாணவர் கண்டுபிடிக்க வேண்டியதைத் தயாரிப்பாளரே கண்டுபிடித்துவிட்டார் என்று ஆகிவிடுகிறது.

வல ஏற்றத் திசை இயக்கத்தில், நடுவரை விலக்கத்தின் கொசைன் ஏற்கெனவே பெருக்கப்பட்டே வருகிறது. கோள வடிவியல் தெரிந்த ஆசிரியர் பொறுப்போடு இன்னொரு முறை பெருக்கிவிடுவார். 20 என்பது 18 ஆகும். முடிச்சு மறையாது, ஆனால் எண்கள் எந்தப் புத்தகத்தோடும் ஒத்துப்போகாது.

அடுத்து, முடிச்சுக்குள் இருப்பவற்றைப் பிரியுங்கள்: முதல் இயக்கம் 15 முதல் 25, இரண்டாவது கழித்தல் 50 முதல் கழித்தல் 40. இப்போது அவற்றின் இடமாறு தோற்றத்துக்கு நிகழ்வெண் செவ்வகப் படம் வரைந்தால் 7.4 மில்லி ஆர்க்செகண்டை ஒட்டி ஒரு கூர்மையான சிகரம் எழும். இயக்கத்தை வைத்து மட்டுமே பிரித்தோம், தொலைவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் தொலைவும் ஒன்றாகவே அமைகிறது. குடும்பமா என்ற கேள்விக்கு விடை இங்கே கிடைத்துவிடுகிறது. சிகரத்துக்கு வெளியே தனியாக நிற்கும் சில விண்மீன்கள் தற்செயலாக அதே இயக்கம் கொண்ட அந்நியர்கள். 6.8 முதல் 8 வரை என்று இன்னொரு வடிகட்டி போட்டால் அவையும் போய்விடும், சில நூறு உறுப்பினர்கள் மிஞ்சுவார்கள்.

தொலைவைக் கணக்கிட 1000-ஐ இடமாறு தோற்றத்தால் வகுத்தால் பார்செக்கில் வரும்: 7.36 என்றால் ஏறத்தாழ 136 பார்செக், 443 ஒளியாண்டு. முதலில் இடமாறு தோற்றங்களுக்குச் சராசரி எடுத்து, பிறகு வகுக்க வேண்டும். ஒவ்வொரு விண்மீனுக்கும் தனித்தனியாக வகுத்துவிட்டு அந்தத் தொலைவுகளைச் சராசரி எடுத்தால் பிழை ஒரு பக்கமாகச் சாயும். கொத்துக்குள் அது சிறிய வித்தியாசம்தான். பின்னணி விண்மீன்களில் இதைச் செய்தால் பெரும் குளறுபடி, ஏனென்றால் அங்கே இடமாறு தோற்றம் கழித்தல் எண்ணாகவும் வரும். கழித்தல் தொலைவா என்று ஒரு மாணவர் கட்டாயம் கேட்பார். அளவீட்டுப் பிழை அளவைவிடப் பெரிதாக இருக்கும்போது அப்படி ஆகும் என்பதை விளக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. அந்த வரிகளைக் கோப்பிலிருந்து நீக்கிவிடாதீர்கள்.

நேரம் இருந்தால் வேகத்தையும் பார்க்கலாம். இரண்டு திசை இயக்கங்களையும் பிதாகரஸ் முறையில் சேர்த்தால் ஆண்டுக்கு 49 மில்லி ஆர்க்செகண்ட். இந்தக் கோண வேகத்தில் கார்த்திகை முழுநிலவின் அகலத்தைக் கடக்க ஏறத்தாழ 36,600 ஆண்டு ஆகும். ஆர்க்செகண்ட் கணக்கில் வேகத்தையும் பார்செக்கில் தொலைவையும் அலகு மாற்றும் எண்ணான 4.74-ஐயும் பெருக்கினால் விநாடிக்கு சுமார் 32 கி.மீ. வரும். கண்ணுக்கு அசையாமல் நிற்கும் ஒன்று இந்த ஓட்டம் ஓடுகிறது என்பதை எட்டாம் வகுப்புக் கணிதமே காட்டிவிடுகிறது.

கடைசி வரைபடம் நிறம், பிரகாசம். செங்குத்து அச்சைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும், ஏனெனில் பிரகாச எண் குறைந்தால் ஒளி அதிகம். திருப்ப மறந்தால், பெரும்பாலான விண்மீன்கள் அமையும் முதன்மை வரிசை என்ற கோடு குப்புறக் கிடக்கும். சரியாக வரைந்தால் மேலே நீல விண்மீன்களிலிருந்து கீழே சிவப்பு விண்மீன்கள் வரை ஒரு மெல்லிய கோடு இறங்கும். உற்றுப் பார்த்தால் அதற்கு இணையாக, 0.75 பிரகாச எண் மேலே, இன்னொரு மங்கலான கோடும் தெரியும். அவை இரட்டைகள். ஒரே மாதிரியான இரண்டு விண்மீன்கள் ஒற்றைப் புள்ளியாகப் பதிவானால் ஒளி இரண்டு மடங்கு, நிறம் அதே. இரண்டின் மடக்கையை 2.5-ஆல் பெருக்கினால் 0.75. விரிதாளில் போட்ட ஒரு சிதறல் படத்தில் இரட்டை விண்மீன்கள் தனி வரிசையாக நிற்பதைப் பார்க்கிற மகிழ்ச்சியை எந்தச் சுவரொட்டியும் தர முடியாது.

ஒன்றை மட்டும் முன்னரே சொல்லிவிட வேண்டும். கேயா மங்கலானவற்றுக்கென்று கட்டப்பட்ட கருவி. பிரகாச எண் 3-க்கும் பிரகாசமான விண்மீன்கள் பல அதன் பட்டியலில் இல்லை. அந்த எல்லையை ஒட்டியவற்றின் அளவீடுகளும் அவ்வளவு நம்பகமானவையல்ல. கொத்தின் மிகப் பிரகாசமான அல்சயோனி அந்த எல்லையிலேயே நிற்கிறது. கண்ணுக்குத் தெரிகிற ஏழையும் அட்டவணையில் தேடிச் சலித்துப்போகிறவர்களுக்கு இதைத் தெரிவிக்காமல் விடக்கூடாது.

நிறமாலை: விடையை மறைத்துக் கொடுங்கள்

கேலக்ஸிகளுக்கு ஸ்லோன் வான் அளக்கையின் ஸ்கைசர்வர் நல்ல இடம். நியூ மெக்சிகோவின் அப்பாச்சி பாயிண்டில் உள்ள 2.5 மீட்டர் தொலைநோக்கியின் தரவு அது. 2001-ல் தொடங்கியபோதே பள்ளிகளை மனதில் வைத்துக் கட்டப்பட்டது. சிக்கல் என்னவென்றால், ஒரு கேலக்ஸியின் பக்கத்தைத் திறந்ததும் செம்பெயர்ச்சி மதிப்பு (விலகிச் செல்லும் கேலக்ஸியின் ஒளி அலைநீளம் எந்த விகிதத்தில் நீண்டிருக்கிறது என்பது) கண்ணெதிரே அச்சாகி இருக்கும். மாணவர் அளக்க மாட்டார், எழுதிக்கொள்வார். அதனால் நிறமாலையின் எண்களை மட்டும் இறக்கி, விடையில்லாமல் கொடுங்கள்.

எடுத்துக்காட்டாக, ஹைட்ரஜன் ஆல்பா கோடு 6893 ஆங்ஸ்ட்ராமில் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். பாடப்புத்தகத்தில் அதன் இயல்பான இடம் 6562.8. ஆனால் அது காற்றில் அளந்த மதிப்பு. ஸ்லோன் தரவு வெற்றிடத்து அலைநீளத்தில் வருகிறது, அங்கே 6564.6. இந்த 1.8 வித்தியாசத்தைக் கவனிக்காவிட்டால் விநாடிக்கு 82 கி.மீ. பிழை நுழையும். வெற்றிட மதிப்பை வைத்தால் செம்பெயர்ச்சி 0.050, வேகம் விநாடிக்கு 15,000 கி.மீ. சரிபார்க்க இரண்டாவது கோடு வேண்டும்: அதே செம்பெயர்ச்சியில் ஹைட்ரஜன் பீட்டா 5106 அருகில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் முதலில் பிடித்தது வேறு கோடு.

5577 அருகில் ஒரு ஊசி பல நிறமாலைகளில் அதே இடத்தில் நிற்கும். அது கேலக்ஸியுடையது அல்ல. நம் வளிமண்டலத்து ஆக்சிஜனின் ஒளி, முழுதாகக் கழிபடாமல் மிஞ்சியது. ஐந்து நிறமாலைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தால் மாணவர்களே பிடித்துவிடுவார்கள்: மற்ற எல்லாம் நகர்கின்றன, இது மட்டும் நகரவில்லை. மிக அருகிலுள்ள கேலக்ஸிகளை இந்தப் பாடத்துக்கு எடுக்காதீர்கள். அவற்றின் சொந்த ஓட்டம் விநாடிக்குச் சில நூறு கி.மீ. இருப்பதால் பிரபஞ்ச விரிவாக்கத்தின் பங்கு அதில் அமுங்கிப்போகும். ஆண்ட்ரோமெடா நம்மை நோக்கியே வருகிறது.

டெஸ் ஒளிவளைவுகளைப் பற்றிச் சுருக்கமாக. எச்டி 209458 என்ற விண்மீன் தொடங்க ஏற்றது. அதன் கோள் 3.52 நாளுக்கு ஒருமுறை முன்னால் கடக்கிறது, ஒளி 1.5 சதவீதம் குறைகிறது. பள்ளத்தின் ஆழத்துக்கு வர்க்கமூலம் எடுத்தால் கோளின் ஆரத்துக்கும் விண்மீனின் ஆரத்துக்கும் உள்ள விகிதம். வரைபடத்தின் செங்குத்து அச்சு பூஜ்யத்தில் தொடங்கவில்லை என்பதைச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் விண்மீன் பாதி அணைந்துபோவதாகத் தோன்றும். நடுவில் வரும் இடைவெளி கோளால் வந்தது அல்ல, விண்கலம் தரவைப் பூமிக்கு அனுப்ப நிறுத்திய நேரம். டெஸ்ஸின் ஒரு பிக்சல் 21 ஆர்க்செகண்ட் அகலம் என்பதால் பக்கத்து விண்மீன்களின் ஒளியும் கலந்துவரும், பள்ளம் ஆழம் குறைந்து தெரியும். நேர நிரலில் உள்ள எண்ணோடு 24,57,000-ஐக் கூட்டினால்தான் ஜூலியன் நாள்.

பொதுமக்களுக்குக் காட்டும்போது

பொது நிகழ்ச்சியில் ஒருவர் திரைமுன் நிற்பது சில நிமிடம்தான். அட்டவணைக்கு அங்கே இடமில்லை. அலாடின் லைட்டில் ஆண்ட்ரோமெடாவைத் திறந்து, கண்ணுறு ஒளியிலிருந்து கேலெக்ஸ் விண்கலத்தின் புற ஊதாப் படத்துக்கு மாற்றுங்கள். மஞ்சள் நிற நடுப்பகுதி மங்கி, இளம் விண்மீன்கள் நிறைந்த வளையங்கள் எழும். ஒரே ஒரு மாற்றம், ஒரே ஒரு கேள்வி: எது மறைந்தது, ஏன்?

அடுத்த கேள்வி பெரும்பாலும் நிறம் உண்மையா என்பதாக இருக்கும். போலி நிறம் என்று வானியலாளர்கள் பழக்கத்தில் சொல்லும் சொல்லை அங்கே பயன்படுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கேட்பவர் காதில் அது ஏமாற்று என்றே விழுகிறது. எந்த வடிகட்டிக்கு எந்த நிறம் கொடுத்தார்கள் என்று நேராகச் சொல்லுங்கள். ஹப்பிளின் கழுகு நெபுலாத் தூண்களில் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம். ஹைட்ரஜனின் அந்த ஒளி இயல்பில் சிவப்பு. கந்தகத்தின் ஒளியும் சிவப்பே. இரண்டையும் கண் பிரித்தறியாது என்பதால்தான் இந்த ஏற்பாடு.

மூலப்படத்தைத் திறந்து காட்ட விரும்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வானியல் படங்களுக்கென்று 1981 முதல் வழக்கத்திலுள்ள ஃபிட்ஸ் வடிவக் கோப்பைத் திறந்தால் முதலில் தெரிவது கருப்புத் திரையும் நாலைந்து வெள்ளைப் புள்ளிகளும்தான். கோப்பு கெட்டுவிடவில்லை. பிரகாசமான விண்மீனுக்கும் நெபுலாவுக்கும் உள்ள வித்தியாசம் ஆயிரக்கணக்கான மடங்கு. நேர்கோட்டு அளவில் திரை அதைக் காட்டாது. டிஎஸ்9 மென்பொருளில் அளவை மடக்கைக்கு மாற்றி, மேல் கீழ் வரம்புகளை 99.5 சதவீதத்துக்கு வைத்தால் நெபுலா வெளிவரும். இந்த மாற்றத்தைப் பார்வையாளர் முன்னாலேயே செய்யுங்கள். தயாரான படத்தைவிட அதுதான் அவர்கள் மனதில் நிற்கும்.

மர்மப் பொருள் கண்டுபிடித்தேன் என்று படத்தோடு வருகிறவர்களும் உண்டு. அவர்களை மறுத்து அனுப்பாமல் சோதிக்கச் சொல்லிக்கொடுங்கள். அதே ஆயத்தொலையை இன்னொரு வான் அளக்கையில் திறந்தால் போதும். ஒன்றில் இருந்து மற்றதில் இல்லையென்றால் பெரும்பாலும் கருவிக்குள் சிதறிய ஒளி, புகைப்படத் தட்டின் கீறல், அல்லது நகரும் பொருள். ஸ்லோன் படங்களில் பக்கத்துப் பக்கத்தில் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் தெரிந்தால் அது சிறுகோள். வடிகட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சில நிமிட இடைவெளியில் பதிவதால், அதற்குள் அது நகர்ந்துவிடுகிறது.

சில நேரம் உண்மையிலேயே புதியது இருக்கும். பொதுமக்கள் இணையத்தில் கேலக்ஸிகளை வகைப்படுத்தும் திட்டமாக 2007 ஜூலையில் தொடங்கிய கேலக்ஸி ஸூவில் படங்களை வகைப்படுத்திக்கொண்டிருந்த நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியை ஹன்னி வான் ஆர்க்கெல், அந்த ஆண்டே ஒரு கேலக்ஸியின் அருகே ஒளிரும் வாயுத்திரளைக் கவனித்துக் கேட்டார். அது இன்று அவர் பெயரால் அறியப்படுகிறது. அதே திட்டத்தில் இன்னொன்றும் வெளிப்பட்டது: சுருள் கேலக்ஸிகள் கடிகார எதிர்த்திசையில் சுற்றுவதாகவே மக்கள் கூடுதலாக வாக்களித்தார்கள். படங்களைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிக் காட்டியபோதும் அதே சாய்வு. சாய்ந்திருந்தது பிரபஞ்சம் அல்ல, நம் கண். வகுப்பில் பத்துப் படங்களை நேராகவும் திருப்பியும் கலந்து கொடுத்து இதைச் செய்துபார்க்கலாம்.

வகுப்பு நாளில் இணையத்தை நம்பாதீர்கள். முப்பது கணினிகள் ஒரே முகவரியிலிருந்து ஒரே நொடியில் கேட்டால் சில சேவைகள் வேகத்தைக் குறைக்கும் அல்லது மறுக்கும். பராமரிப்புக்காக மூடப்படுவதும் உண்டு. கோப்பை முந்தைய வாரமே இறக்கிப் பென்டிரைவில் வையுங்கள், வரைந்து முடித்த படங்களையும் கூடவே வையுங்கள். கோப்பின் பெயரில் தரவு வெளியீட்டின் எண்ணும் இறக்கிய தேதியும் இருக்கட்டும்.

இது வெறும் ஒழுங்குக்காகச் சொல்வது அல்ல. 1989-ல் ஏவப்பட்ட ஹிப்பார்க்கோஸ் விண்கலம் இதே கார்த்திகைக்கு 120 பார்செக் அளவில் தொலைவு சொன்னது. மற்ற முறைகள் அதை ஏற்கவில்லை. நீண்ட சர்ச்சை நடந்தது. 2014-ல் ரேடியோ தொலைநோக்கிகள் 136 பார்செக் என்று அளந்தன, கேயாவும் அதையே சொன்னது. ஹிப்பார்க்கோஸ் பட்டியல் இன்னும் விசியரில் இருக்கிறது. இரண்டு கோப்புகளையும் வகுப்பின் இரண்டு பாதிகளுக்குக் கொடுத்து, விடைகள் ஏன் ஒத்துப்போகவில்லை என்று பேசவைக்கலாம். கேயாவின் நான்காம் வெளியீடு 2026 டிசம்பருக்குத் திட்டமிடப்பட்டிருக்கிறது. அது வந்ததும் அதே ஆயத்தொலை, அதே 2 டிகிரி, அதே பிரகாச வரம்போடு மறுபடி இறக்கி, பழைய கோப்பின் பக்கத்தில் வைத்து, சிகரம் எவ்வளவு ஒடுங்கியிருக்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள்.